கடலை அளந்த கலாசிகள்

இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரியும் எனக்கு நாள்தோறும் பழகிய சொல் ஒன்று உண்டு. 'கலாசி' என்பதே அச்சொல். பாரம் தூக்குவோர், தண்டவாளத்தருகே பளுவான கருவிகளைச் சுமப்போர், பட்டறையில் மிஸ்திரிக்குத் துணை நிற்போர் ஆகியோரை நெடுங்காலம் இப்பெயராலேயே அழைத்து வந்தோம். இன்று ஏட்டில் 'ஹெல்பர்' என்றும் 'அசிஸ்டெண்ட்' என்றும் பதவிப் பெயர் மாறிவிட்டது. ஆயினும் வாய்ச்சொல்லில் கலாசி இன்னும் மறையவில்லை. சம்பளப் பட்டியல் எழுதும் வேலையை நான் கற்றுக்கொண்ட நாளில் மூத்த எழுத்தர் ஒருவர் சொன்னார்: "தொகையில் பிழை வந்தால் அடுத்த மாதம் திருத்தலாம், பெயர் விட்டுப்போனால் ஒரு வீட்டில் அடுப்பு எரியாது." ஏடு போய்க் கணினி வந்தபோதும் அவ்விதி எனக்கு மாறவில்லை.

இக்கலாசி என்னும் சொல் இரயிலோடு பிறந்ததன்று. முதலில் அது கப்பலில் பாய் இழுத்து நங்கூரம் தூக்கிய மாலுமியைக் குறித்தது. பின்னர்க் கூடாரம் அடிப்பவனையும், நில அளவைக்காரருக்குச் சங்கிலி பிடிப்பவனையும் குறித்தது. அதன் பின்னரே தண்டவாளத்துக்கு வந்து சேர்ந்தது. கடல், நிலம், இருப்புப்பாதை ஆகிய மூன்றையும் அளந்த கைகள் ஒரே பெயர் பூண்டவை என்பதை அறிந்தபோது எனக்கு வியப்புண்டாயிற்று. நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை தருமாறு அன்பர்கள் பணித்ததும், இச்சொல்லின் வழியே சென்று, நாம் புனேயிலிருந்து மூன்று மணி நேரத்தில் சென்றடையும் பம்பாய்த் துறைமுகத்தின் பழங்கதை ஒன்றைச் சொல்லலாம் எனத் துணிந்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அத்துறைமுகத்திலிருந்து புறப்பட்ட சிறு கப்பல்கள் தொலைதூரக் கரைகளையெல்லாம் அளந்து படம் வரைந்த வரலாறே அது.

பிழைப்படம் விளைத்த கேடு

கடலில் செல்வோனுக்குப் படம் கண் போன்றது. அக்கண் பொய் காட்டினால் என்னாகும்? 1786-ஆம் ஆண்டு மே மாதத்தில் 'அட்லாஸ்' என்னும் கப்பல் பட்டேவியாவிலிருந்து இலங்கை நோக்கி வந்துகொண்டிருந்தது. அதன் முதன்மை மேட் ஜேம்ஸ் ஹார்ஸ்பர்க் என்னும் இளைஞர். கையிலிருந்த படத்தை நம்பிச் சென்ற கப்பல், படத்தில் சரியாகக் குறிக்கப்படாத தியேகோ கார்சியாத் தீவில் மோதி உடைந்தது. உயிர் தப்பிய ஹார்ஸ்பர்க் அன்று முதல் ஒரு தவம் மேற்கொண்டார் எனலாம். தாம் சென்ற கடலிலெல்லாம் ஆழம், நீரோட்டம், காற்று, கரையின் தோற்றம் ஆகியவற்றைக் குறித்து வைத்தார். அக்குறிப்புகளே 1809-ஆம் ஆண்டு முதல் பெரு நூலாக வெளிவந்து, கீழைக் கடல்களில் செல்லும் மாலுமிகளுக்கு வழிகாட்டியாய் விளங்கின. 1810-இல் அவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் கடற்பட அதிகாரியாக அமர்ந்தார்; 1836-இல் மறையும் வரையில் அப்பணியிலிருந்தார்.

அவருக்கு முன் அப்பணியிலிருந்த அலெக்சாண்டர் டால்ரிம்பிள் என்பாரின் வரலாறும் நம்போன்றோர்க்கு இனிப்பது. அவர் 1750-களில் சென்னைக் கோட்டையில் எழுத்தராகவே வாழ்வைத் தொடங்கினார். 1779-இல் கம்பெனிக்கும், 1795-இல் ஆங்கிலேயக் கடற்படைக்கும் கடற்பட அதிகாரி ஆனார். பிந்திய பதவியை முதன்முதலாக வகித்தவர் அவரே. எழுத்தர் மேசையிலிருந்தும் ஏழு கடலைக் காணலாம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அளந்த முறை

கடலை எவ்வாறு அளப்பது? கரையில் இரண்டு இடங்களைத் தேர்ந்து அவற்றின் இடைத்தூரத்தை முதலில் துல்லியமாக அறிவர். சங்கிலி இழுக்க வாய்ப்பில்லாத இடத்தில் துப்பாக்கியோ பீரங்கியோ வெடிப்பர். ஒளி கண்ட கணத்திற்கும் ஒலி கேட்ட கணத்திற்கும் இடையிலான நேரத்தைக் கணக்கிடுவர். ஒலி ஒரு விநாடியில் ஏறத்தாழ 1,100 அடி செல்லும். ஆதலின் ஐந்து விநாடி கழித்துக் கேட்டால் தூரம் ஏறத்தாழ ஒரு மைல். அந்த ஒரு கோட்டை அடியாகக் கொண்டு, குன்று, கோபுரம், நட்ட கொடி ஆகியவற்றைக் கோணமானியால் நோக்கி, முக்கோணத்தின் மேல் முக்கோணமாகக் கரை முழுவதையும் கட்டுவர்.

பின்னர் வேலை படகுக்கு வரும். படகின் முன்புறத்தில் ஒருவர் நின்று ஈயக்குண்டு கட்டிய கயிற்றை எறிவார். கயிற்றில் தோலும், வெள்ளைத் துணியும், சிவப்புத் துணியும், முடிச்சும் அளவுக் குறிகளாகக் கட்டப்பட்டிருக்கும். இருளிலும் விரலால் தடவிக் குறியை அறியலாம். குண்டின் அடியிலுள்ள குழியில் கொழுப்புத் தடவியிருப்பர். அதில் ஒட்டி வருவது மணலா, சேறா, சிப்பியா, பவளமா என்று பார்ப்பர். ஆழத்தை அவர் உரக்கக் கூவ, அதிகாரி எழுதிக்கொள்வார். அதே நேரத்தில் கரையிலுள்ள குறிகளைக் கருவியால் நோக்கிப் படகு நிற்கும் இடத்தையும் குறிப்பார். கரையோரத்தில் நட்ட அளவுகோலருகே மற்றொருவர் அமர்ந்து கடலின் ஏற்ற வற்றத்தைப் பார்த்துவருவார். வற்றிய நீரின் கணக்குக்கு எல்லா ஆழங்களையும் குறைத்த பின்னரே எண்கள் படத்தில் ஏறும்.

படத்தில் காணும் ஒவ்வொரு சிறு எண்ணும் ஒரு மனிதன் ஒரு முறை கயிற்றை எறிந்து இழுத்ததன் பயன். ஓராயிரம் எண் என்றால் ஓராயிரம் வீச்சு. அளக்காத இடத்தில் எண் எழுதுவதில்லை, வெற்றிடமாகவே விட்டனர். தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டாத அந்த நேர்மையே அத்தொழிலின் உயிர்.

தொலைவான கரையின் தீர்க்கரேகையை நிறுவ நுண்கடிகாரங்கள் வேண்டும். நான்கு விநாடிப் பிழை நடுக்கோட்டருகே ஒரு கடல் மைல் பிழையாகும். இந்தியக் கடல்களின் தீர்க்கரேகைகளுக்கு ஆதாரமாய் நின்ற இடங்களுள் ஒன்று 1792-இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த சென்னை வானாய்வு நிலையம். அதன் கருங்கல் தூணில் தமிழிலும் எழுத்துப் பொறித்துள்ளனர். அந்நிலையம் காட்டிய நேரத்தையே 1905-ஆம் ஆண்டு வரை இந்திய இருப்புப்பாதைகளிற் பெரும்பாலானவை பின்பற்றின. புனே நிலையத்துக் கடிகாரம் ஒரு காலத்தில் சென்னையைப் பார்த்துத் தன் முள்ளைத் திருத்திக்கொண்டது என்பதை நம் குழந்தைகள் அறிதல் நன்று.

பம்பாயிலிருந்து புறப்பட்ட கப்பல்கள்

கம்பெனியின் கடற்படை முதலில் 'பம்பாய் மரீன்' எனவும், 1830 முதல் 'இந்தியக் கடற்படை' எனவும் பெயர் பெற்றிருந்தது. 1820-ஆம் ஆண்டையொட்டி அது பாரசீக வளைகுடாவை அளக்கத் தொடங்கியது. கய், பிரக்ஸ் முதலிய அதிகாரிகள் அப்பணியில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஈடுபட்டனர். அதனையடுத்து வந்தது செங்கடல்.

செங்கடலை அளக்க வேண்டிய அவசரம் என்ன? நீராவிக் கப்பல் வந்துவிட்டது. பம்பாயிலேயே கட்டப்பட்ட 411 டன் அளவுள்ள 'ஹியூ லிண்ட்சே' என்னும் நீராவிக் கப்பல் 1830 மார்ச் 20-இல் பம்பாயிலிருந்து புறப்பட்டு, ஏறத்தாழ ஒரு மாதத்தில் சூயஸ் சேர்ந்தது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் பல மாதம் சென்ற கடிதங்கள் இனி விரைவிற் செல்லும் என்பது தெளிவாயிற்று. ஆனால் செங்கடலின் இரு கரைகளிலும் பவளப்பாறைகள் நீருக்கடியில் மறைந்து கிடந்தன. ஆதலின் 1829 முதல் 1834 வரை 'பாலினூரஸ்', 'பெனாரஸ்' என்னும் இரு கப்பல்கள் அதனை அளந்தன. வடபகுதியை இராபர்ட் மோர்ஸ்பியும், தென்பகுதியை எல்வனும் மேற்கொண்டனர். கொளுத்தும் வெயில், நன்னீர்ப் பஞ்சம், காய்ச்சல் ஆகிய இவற்றினிடையே நாள் முழுதும் திறந்த படகில் அவ்வேலை நடந்தது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தபோது உலகின் கப்பல்கள் அக்கடலில் புகுவதற்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னரே வழி அளக்கப்பட்டிருந்தது.

மோர்ஸ்பி 1828-இல் இலட்சத்தீவுகளையும், 1834 முதல் 1836 வரை மாலத்தீவுகளையும், 1837-இல் ஹார்ஸ்பர்க்கின் கப்பல் உடைந்த தீவு அடங்கிய சாகோஸ் தீவுக்கூட்டத்தையும் அளந்தார். மாலத்தீவில் கிறிஸ்டபர், யங் என்னும் இரு இளம் அதிகாரிகள் மாலே நகரில் தங்கி, காய்ச்சலுற்ற நிலையிலும் தீவினரின் மொழியையும் வழக்கங்களையும் கற்றெழுதினர். வட்ட வடிவப் பவளத்தீவைக் குறிக்க இன்று உலகம் முழுதும் வழங்கும் 'அட்டோல்' என்ற சொல் அத்தீவினரின் மொழியிலிருந்து சென்றதே. சார்லஸ் டார்வின் 1842-இல் பவளப்பாறைகளின் தோற்றம் பற்றி நூல் எழுதியபோது மோர்ஸ்பியின் படங்களும் குறிப்புகளும் அவர்க்குப் பெரிதும் உதவின. பம்பாயிலிருந்து போன படகில் ஒருவர் எறிந்த ஈயக்குண்டு, உலகப் பெரும் அறிஞரின் மேசை வரையில் சென்று சேர்ந்தது.

இவ்வரலாற்றில் ஒளி மட்டுமன்றி நிழலும் உண்டு. பாலினூரஸ் கப்பலில் அரபுத் தென்கரையை அளந்த ஹெயின்ஸ் என்னும் அதிகாரி, ஏடன் துறைமுகத்தின் அருமையை அவ்வளவையாலேயே உணர்ந்தார். 1839 சனவரியில் பீரங்கி முழங்க ஏடன் கம்பெனியின் கைக்குப் போயிற்று. படம் வரைந்தவரே அங்கு அரசியல் அதிகாரியாகவும் அமர்ந்தார். பின்னாளில் கருவூலக் கணக்கில் பணம் குறைந்ததென வழக்கு வந்தது. கையாடல் குற்றமில்லை எனச் சான்றாயர் விடுவித்த பின்னரும், கடனுக்காகப் பம்பாய்ச் சிறையில் ஆறாண்டு கிடந்து, 1860-இல் வெளிவந்த சில நாட்களில் உயிர் நீத்தார். அறிவுக்காக வரைந்த கோடு ஆட்சிக்கும் வழி வகுக்கும் என்பதை மறைத்துப் புகழ்வது வரலாறாகாது.

நம் கடற்கரை

இனி நம் சொந்தக் கடலுக்கு வருவோம். மன்னார் வளைகுடாவுக்கும் பாக் நீரிணைக்கும் இடையே பாம்பன் வாய்க்கால் அன்று ஆழமற்றுப் பாறை நிறைந்திருந்தது. அதனால் பெரிய கப்பல்கள் இலங்கையைச் சுற்றிச் சென்றன. 1822-இல் அவ்வாய்க்காலை ஆராயும் பணி ஓர் இளம் பொறியாளரிடம் தரப்பட்டது. பின்னாளில் காவிரியிலும் கோதாவரியிலும் அணை கட்டிப் புகழ் பெற்ற ஆர்தர் காட்டனே அவர். பிறகு பாறைகளை வெடிவைத்து உடைத்து வாய்க்காலை ஆழப்படுத்தினர். 1838-ஆம் ஆண்டையொட்டி இந்தியக் கடற்படையைச் சேர்ந்த பவல், எதர்சி என்னும் இருவர் பாக் நீரிணையையும் மன்னார் வளைகுடாவையும் அளந்து படமாக்கினர்.

அப்பக்கத்தில் பிறந்தவன் நான். என் தாய்வழிப் பாட்டனார் பாம்பனில் வல்லம் செலுத்தியவர். பள்ளி விடுமுறையில் அவரோடு ஒரு நாள் சென்றபோது, கயிற்றில் கல்லைக் கட்டிக் கடலில் இறக்கினார். தரை தட்டியதும் இழுத்தார். நனைந்த கயிற்றை இரு கைகளையும் விரித்து, மார்பின் குறுக்கே ஒருமுறை, இருமுறை என அளந்தார். "ஏழு பாகம்" என்றார். அடியில் ஒட்டியிருந்த சேற்றை விரலால் நசுக்கிப் பார்த்து, "இங்கன வேண்டாம், தெக்க போவோம்" என்றார். அவ்வளவே. அதில் எனக்கு ஒரு புதுமையும் தோன்றவில்லை.

பல்லாண்டு கழித்துக் கடற்படங்களைப் பற்றிப் படித்தபோதுதான், ஆங்கில மாலுமியின் 'ஃபேதம்' என்னும் அளவும் விரித்த இரு கைகளின் நீளமே என்பதை அறிந்தேன். அது ஆறடி. நம் பரதவரின் பாகமும் அதுவே. கடற்படையின் தோலும் துணியும் கட்டிய கயிறும், என் பாட்டனாரின் கல் கட்டிய கயிறும் ஒரே நூலின் இரு படிகள். கொழுப்பில் ஒட்டிய மணலை அதிகாரி ஆராய்ந்ததும், சேற்றை விரலில் நசுக்கி அவர் பார்த்ததும் ஒரே கலை. வேறுபாடு ஒன்றுதான். ஒன்று தாளில் ஏறிற்று. மற்றொன்று கையோடு போயிற்று.

இங்கே ஓர் ஐயம் எழுகிறது. அந்த ஆயிரமாயிரம் வீச்சுகளை வீசியவர் யார்? கப்பல்களில் அதிகாரிகள் சிலர். மற்றோரிற் பெரும் பகுதியினர் கொங்கணக் கரையிலிருந்தும் குசராத்துக் கரையிலிருந்தும் வந்த கலாசிகள். ஒவ்வொரு கடலிலும் பாறை எங்கே, நன்னீர் எங்கே, காற்று எப்போது மாறும் என்று சொல்லிக் கொடுத்தோர் அவ்வவ்விடத்து மீகாமரும் மீனவரும். படத்தின் மூலையில் அழகிய எழுத்தில் அதிகாரிகளின் பெயர் உண்டு. மாலத்தீவில் ஒரு கடல்வழிக்கே மோர்ஸ்பியின் பெயர் உண்டு. எறிந்தவன் பெயர் இல்லை. வழி சொன்னவன் பெயரும் இல்லை. என் தொழில் வழக்கில் சொன்னால், அது வேலை முழுவதும் முடிந்து, சம்பளப் பட்டியலில் பாதிப் பேர் விடுபட்ட கணக்கு.

முற்றிலும் விடுபட்டனர் என்றும் சொல்வதற்கில்லை. இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவிலுள்ள சிறு தீவுகளின் பெயர்களைப் பாருங்கள். நல்லதண்ணித் தீவு, உப்புத்தண்ணித் தீவு, முயல் தீவு! கடற்படங்களில் ஆங்கில எழுத்தில் 'நல்லதண்ணி' என்றே ஏறிய பெயரும் உண்டு. 'இங்கே குடிக்க நல்ல தண்ணீர் கிடைக்கும்' என்று யாரோ ஒருவர் கை நீட்டிச் சொல்லிய சொல்லன்றோ அது? பெயரற்ற அம்மனிதர் இட்ட கையொப்பம் அத்தீவின் பெயரில் வாழ்கிறது.

மூடியதும் தொடர்ந்ததும்

1863 ஏப்ரல் 21-இல் போர்காட் மலைப்பாதை திறக்கப்பட்டு, பம்பாய்க்கும் புனேக்கும் இடையே இரயில் தடையின்றி ஓடலாயிற்று. அதே மாதம் 30-ஆம் நாள் இந்தியக் கடற்படை கலைக்கப்பட்டது. இரண்டிற்கும் தொடர்பு இல்லை. எனினும் நம் ஊருக்கு ஒரு வழி திறந்த ஒன்பதே நாளில், கடல்வழி அளந்த ஓர் அமைப்பு மறைந்தது என்பது இருப்புப்பாதைக்காரனின் கண்ணில் படாமற் போகாது. அதன்பின் பத்தாண்டுக்கு மேல் அளவைப் பணி தளர்ந்தது. மணல் திட்டுகள் இடம் மாறின, படங்கள் மூத்தன. 1874-இல் கல்கத்தாவில் கடல் அளவைத் துறை டண்டாஸ் டெய்லர் தலைமையில் மீண்டும் அமைந்தது. 1881-இல் பம்பாய்க் கப்பல் தளத்தில் 'இன்வெஸ்டிகேட்டர்' என்னும் அளவைக் கப்பல் உருவாயிற்று. சுதந்திரத்தின் பின் 1954-இல் அத்துறையின் அலுவலகம் கடல் காணாத டேராடூனுக்குச் சென்றது. 1997 முதல் தேசிய நீர்ப்பரப்பு அளவை அலுவலகம் என விளங்குகிறது. இன்று ஈயக்குண்டுக்குப் பதில் ஒலியலையும், கோணமானிக்குப் பதில் செயற்கைக்கோளும் உதவுகின்றன. பாம்பனில் 1914-இல் திறந்த பழைய பாலத்தின் அருகே 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறந்துள்ளது. கப்பல் வரும்போது அதன் நடுப்பகுதி மேலே உயர்கிறது. அவ்வழியே செல்லும் கப்பலுக்கு ஆழம் இன்ன அளவு என்று சொல்லும் எண்ணுக்கோ இரு நூற்றாண்டு வரலாறு பின்னால் நிற்கிறது.

அன்பர்களே, நாமும் ஒருவகையில் தொலைதூரக் கரையை அளந்தவர்களே. மொழி தெரியாத ஊருக்கு முதலில் வந்த நம் பெரியோர், எந்தச் சந்தில் வாடகை குறைவு, எந்தக் கடையில் புழுங்கலரிசி கிடைக்கும், எந்தப் பள்ளியில் நம் பிள்ளைகளைச் சேர்ப்பர் என்று ஒவ்வொன்றாய் ஆழம் பார்த்துச் சொன்னதனால்தான் பின் வந்த நாம் தரை தட்டாமல் வாழ்கிறோம். அவர்களிற் பலருடைய பெயர் நம் சங்கத்தின் ஏடுகளில் இல்லை.

ஆதலின் ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் நம் மலரில் தலைவர், செயலாளர், நன்கொடையாளர் ஆகியோரின் பெயர்களை அச்சிடுகிறோம், அது முறையே. விழா நாளில் விடியுமுன் அடுப்பு மூட்டுவோர், ஜமுக்காளம் விரிப்போர், நாற்காலி சுமப்போர், மேடை கட்டும் மராட்டியத் தோழர் ஆகியோரின் பெயர்களையும் அடுத்த மலரின் கடைசிப் பக்கத்தில் அச்சிடுவோம். அவர்களை வீடு வீடாய்க் கண்டு பெயரைப் பிழையின்றி எழுதித் தரும் பணியை நானே ஏற்கிறேன். பட்டியல் எழுதுவது என் தொழில். அதில் ஒரு பெயரும் விடுபடாது.